எர்லீன் குத்திவிட்ட பூ

எர்லீன் ஸ்கிரிவெனின் வாய் இருக்கிறதே, அதற்கு அமெரிக்காவின் தெற்கே எங்கள் சவானா ஊரின் மேற்குப் பக்கம் முழுக்கப் பயம். எங்கள் கானான் சபையின் வாசலில் வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக அவள் நிற்பது தெரிந்தால், பிந்தி வருகிறவர்கள் சமையல்கட்டுக் கதவு வழியாகச் சத்தமில்லாமல் நுழைந்துவிடுவார்கள். புதிதாக விக் வைத்துக்கொண்டு வந்த ஒருத்தியை, "வாடியம்மா, தலையில ஏறி உக்காந்திருக்கே, அதுக்கும் தனியா ஒரு இடம் பிடிக்கணுமா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டவள் அவள். கேட்டுவிட்டு இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, பரம சாது மாதிரி எதிரே பார்த்து நிற்பாள். அந்தப் பாவனை வேறு!

வாசல் ஊழியம் என்றால் எங்கள் பக்கம் சாதாரணக் காரியம் இல்லை. யாரை எங்கே உட்காரவைப்பது, ஜெபத்தின் நடுவே வருகிறவர்களில் யாரை நிறுத்திவைப்பது, பரிசுத்த ஆவி நிறைந்து ஆடுகிறவளுக்கு எப்போது விசிறுவது, அழுகிறவளுக்கு எப்போது கைக்குட்டை நீட்டுவது, எல்லாம் வாசல்காரியின் கையில்தான். அதிலும் மே மாதத்து அன்னையர் தின ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலுக்குத் தனி மரியாதை. அன்றைக்கு நெஞ்சில் பூ இல்லாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. பெற்றவள் உயிரோடு இருந்தால் சிவப்பு, போய்ச் சேர்ந்துவிட்டால் வெள்ளை. போன வருஷம் சிவப்போடு வந்தவர் இந்த வருஷம் வெள்ளையோடு நுழைந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள், முதுகைத் தடவிக்கொடுப்பார்கள்.

அந்தப் பூவைக் குத்திவிடுகிறவள் எர்லீன். அதிலும் அவள் கறார்தான். அம்மாக்காரி யாரோடோ ஓடிப்போய்விட்டாள் என்ற ஆத்திரத்தில் ஒரு பெண் வெள்ளைப் பூ கேட்டபோது, "மூச்சு இருக்கா இல்லையா அவளுக்கு? இருந்தா சிவப்பு. உன் கோவத்துக்கெல்லாம் இங்க பூ கிடையாது, நகரு" என்று சொல்லிச் சிவப்பைக் குத்தி அனுப்பிவிட்டாள். அந்தப் பெண் ஆராதனை முடியும்வரை அழுதுகொண்டே இருந்தாள். எர்லீன் அவளுக்குக் கைக்குட்டைகூட நீட்டவில்லை.

இத்தனை பேருக்குச் சிவப்புப் பூ குத்தினவளுக்கு, தனக்காக, தான் பெற்ற பிள்ளையின் நெஞ்சில் ஒரு சிவப்புப் பூ குத்தும் பாக்கியம் மட்டும் வாய்க்கவே இல்லை. அது அவள் மனசுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. வெளியே சொல்வாளா? செத்தாலும் சொல்லமாட்டாள்.

அவளுக்கு ஒரு மகள் உண்டு, ரெனீட்டா. எர்லீனுக்கு மீசை முளைக்காத ஒருவனோடு உண்டான பிள்ளை. அவன் பட்டாளத்துக்குப் போனவன் திரும்பவில்லை. பிள்ளைக்கு நாலு வயதாகும்போது லெராய் வந்து சேர்ந்தான். துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்குகிறவன், கை நிறையச் சம்பளம், சொந்த வீடு, வண்டி. எல்லாம் இருந்தது அவனிடம். அடுத்தவன் பிள்ளைக்குச் சோறு போடுகிற மனசுதான் இல்லை. எர்லீன் கொஞ்சமாவது யோசித்தாளா என்றால், ஏதோ ஒரு வாரம் யோசித்தாள். பிலடெல்ஃபியாவிலிருந்து அக்கா வாஷ்டி வந்தாள். வாஷ்டிக்குப் பிள்ளை இல்லை. குழந்தையின் துணிகளை ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கொடுத்து, "கிறிஸ்துமஸுக்கு வந்து கூட்டிக்கிறேன்" என்றாள் எர்லீன். எந்தக் கிறிஸ்துமஸ் என்று அவளும் சொல்லவில்லை, வாஷ்டியும் கேட்கவில்லை.

ஒன்பது வயதில் ரெனீட்டா ஒரு கோடை விடுமுறைக்கு சவானா வந்தாள். வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டாள். அதோடு சரி. அப்புறம் பண்டிகை நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு, "நல்லா இருக்கீங்களா, மிஸ் எர்லீன்?" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தெருவில் போகிற கிழவியைக்கூட எங்கள் ஊரில் அப்படித்தான் மரியாதையாக மிஸ் போட்டுக் கூப்பிடுவோம். அம்மா என்று கூப்பிட அவளுக்கு வாஷ்டி இருந்தாள்.

லெராய் நெஞ்சு வெடித்துச் செத்துப்போனான். வீடு எர்லீனுக்கு வந்தது. ஊர் நடுவே ஒரு சதுக்கத்து மரங்களுக்குப் பின்னால் இருக்கிற ஒரு பழைய மாளிகை விடுதியில் படுக்கை விரிப்பதும் விரிப்புத் துவைப்பதுமாக அவள் காலம் ஓடிற்று. இந்த வருஷம் பிப்ரவரியில் வாஷ்டி செத்துப்போனாள். கூடப் பிறந்தவளின் அடக்கத்துக்கு எர்லீன் போகவில்லை. முழங்கால் வலி என்றாள். அந்த முழங்காலோடுதான் அதே ஞாயிறு இரண்டு ஆராதனைக்கும் வாசலில் நின்றாள்.

ஏப்ரலில் ரெனீட்டா அழைத்தாள்.

"மே மாசம் ரெண்டாவது வாரம் சவானாவுக்கு வர்றோம், மிஸ் எர்லீன். லயனலுக்கு அந்த ஊரைப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. இமானியும் வர்றா."

லயனல் அவள் புருஷன், பள்ளிக்கூட வாத்தியார். இமானி அவர்களுடைய ஒரே மகள்.

"அது அன்னையர் தின ஞாயிறுடி" என்றாள் எர்லீன்.

"தெரியும்" என்றாள் ரெனீட்டா.

அந்த ஒரு 'தெரியும்' போதும் எர்லீனுக்கு. அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை. கூட வாசல் ஊழியம் செய்கிற மினெர்வாவின் காது புளிக்கும்வரை பீற்றிக்கொண்டாள்.

"என் மக வர்றா மினெர்வா. பிலடெல்ஃபியாவிலேர்ந்து. பல் டாக்டர் ஆபீஸையே அவதான் கட்டி மேய்க்கிறா. என் கையால சிவப்பு குத்திக்கப் போறா."

"இத்தனை வருஷம் எங்கடி போயிருந்தா?"

"வேலை இருக்காதா? உன் பிள்ளைங்க மாதிரி வீட்டுல உக்காந்து தின்னுட்டா இருக்கா?"

மினெர்வாவின் இரண்டு பிள்ளைகளும் வேலையில்லாமல் வீட்டில்தான் இருந்தார்கள். போதகர் காதுக்கும் விஷயம் போயிற்று. எர்லீனே போய்ச் சொன்னாள். எல்லாருக்கும் கார்னேஷன் பூ, மகளுக்கு மட்டும் ரோஜா என்று பூக்கடையில் தனியாகச் சொல்லிவைத்தாள், அடர் சிவப்பில், தண்டு நீளமாக.

வெள்ளிக்கிழமை வந்து ஹோட்டலில் இறங்கினார்கள். வீட்டிலேயே தங்கலாமே என்று எர்லீன் சொன்னதற்கு, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று ரெனீட்டா மழுப்பிவிட்டாள். சனிக்கிழமை காலை நாலு பேருமாகச் சுற்றுலா வண்டியில் ஏறினார்கள். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் கிடக்கிற எர்லீன் அந்த வண்டியில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. ஓக் மரங்களிலிருந்து தொங்குகிற பாசி முகத்தில் உரசுகிற மாதிரி ஒவ்வொரு சதுக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது வண்டி. வழிகாட்டிப் பையன் ஒவ்வொரு வீட்டையும் காட்டி யார் எந்த அறையில் தூக்குப் போட்டுக்கொண்டார், எந்த ஆவி மாடிப்படியில் இறங்குகிறது என்று அளந்துகொண்டே வந்தான்.

எர்லீன் வேலை செய்யும் விடுதி வந்தது. "இந்த மாடியில நடுராத்திரியில படுக்கை தானாவே கலைஞ்சு கிடக்குமாம்!" என்றான் பையன்.

"தானா கலையுதா? அந்தப் படுக்கையை விரிச்சு விரிச்சு முதுகொடிஞ்சவ இங்க உக்காந்திருக்கேன்" என்று வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள் எர்லீன். "கல்யாண ஜோடிங்களுக்கு வாடகைக்கு விட்டா கலையாம என்ன பண்ணும்?"

வண்டியே சிரித்தது. லயனல் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். ரெனீட்டாவும் சிரித்தாள், தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பொத்திக்கொண்டு. அது அப்படியே வாஷ்டியின் சிரிப்பு. எர்லீன் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் சிரிக்கவைத்தது தான்தானே என்று ஆறுதல் பண்ணிக்கொண்டாள்.

ஆற்றங்கரைத் தெருவில் இறங்கி நடந்தபோது கற்கள் வழுக்கின. ரெனீட்டா தானாகவே வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு உயரத்துக்குச் சரக்கு அடுக்கிய கப்பல் ஒன்று ஆற்றில் ஊதிக்கொண்டு போனது. இமானி அதற்குக் கையாட்டினாள்.

"நாளைக்கு சபை எத்தனை மணிக்கு?" என்று ரெனீட்டா கேட்டாள்.

"பத்து. சீக்கிரம் வந்துடுங்க, முன் வரிசையில இடம் போட்டு வெக்கிறேன்."

"அந்தப் பூ விஷயம் அம்மா சொல்லியிருக்காங்க. நீங்கதான் குத்துவீங்களா?"

"நான்தான். வேற யாரு தொடுவா?"

"ம்" என்றாள் ரெனீட்டா. பிடித்த கையை மட்டும் விடவில்லை. மணல் கொசு கடிப்பதுகூட எர்லீனுக்கு உறைக்கவில்லை. அந்தத் தெரு முடியாமல் அப்படியே நீண்டுகொண்டு போகக்கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

மத்தியானச் சாப்பாடு எர்லீன் வீட்டில். முதல் நாளே நண்டு வாங்கி, தக்காளியும் பன்றிக் கொத்துக்கறியும் போட்டுச் சிவப்புச் சோறு ஆக்கி, வெண்டைக்காய் பொரித்து, பீச் பழம் வைத்து இனிப்பும் சுட்டு வைத்திருந்தாள். வீட்டுக்குள் காலடி வைத்ததும் ரெனீட்டா கொஞ்சம் நின்றாள். கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையைப் பார்த்தாள். அப்புறம் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மாவும் இதே மாதிரிதான் ஆக்குவாங்க" என்றாள் முதல் வாய் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு.

"அவளுக்குக் கத்துக்குடுத்ததே நான்தானே" என்றாள் எர்லீன். கூசாமல் பொய். வாஷ்டி அவளுக்கு எட்டு வயது மூத்தவள். எர்லீனுக்கு அடுப்புப் பற்றவைக்கவே அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ரெனீட்டாவுக்கு அது தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இமானி ஐஸ் டீ டம்ளரைத் தட்டிவிட்டாள். நாற்காலி மெத்தை நனைந்தது. குழந்தை முகம் வெளுத்து, அழுகிற மாதிரி அம்மாவைப் பார்த்தது.

"பரவால்ல கண்ணு" என்று துடைக்கத் துணி தேடினாள் ரெனீட்டா.

குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று எர்லீன் நினைத்தாள். நினைத்து என்ன பிரயோஜனம்? திறந்தது அந்த வாய் அல்லவா!

"அட இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போடற? உங்கம்மா பண்ணினதுக்கு முன்னால இது ஒண்ணுமே இல்லடி. உனக்கு என்ன வயசு?"

"ஒம்போது."

"அதே வயசுதான் அவளுக்கும். இந்த வீட்டுக்கு வந்திருந்தா. அந்தச் சின்ன ரூம்ல லெராய் புதுசா மெத்தை வாங்கிப் போட்டிருந்தான், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிச்சு ரொம்ப நாள் ஆகல. காலையில எந்திரிச்சுப் பாத்தா, சவானா ஆறு! நீ பாத்தியே கப்பல், அது ரெண்டு விடலாம் அதுல. அவ்வளவு தண்ணி!"

இமானி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எர்லீனுக்குச் சாராயம் மாதிரி ஏறிற்று.

"நானும் லெராயும் மெத்தையைத் தூக்கிட்டுப் போயி வாசல் வேலி மேல காயப் போட்டோம். அதும் பக்கத்துல ஒரு முக்காலியப் போட்டு உங்கம்மாவை உக்கார வெச்சோம். 'யாரு பண்ணினதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும், ஈயை ஓட்டிட்டு உக்காருடி'ன்னு. தெருவுல போறவன் ஒருத்தன், 'ஏம்மா, மெத்தை விலைக்கா?'ன்னு கேட்டான் பாரு..."

சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துப் பார்த்தால் மேஜையில் அவள் ஒருத்திதான் சிரித்துக்கொண்டிருந்தாள். லயனல் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். இமானி அம்மாவைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"அப்புறம் என்னாச்சு?" என்றாள் குழந்தை.

"அப்புறம் என்ன, மறுநாள் பஸ் ஏத்தி விட்டாச்சு. லெராய் ஒரே பிடியா நின்னான்."

"மறுநாள் இல்ல" என்றாள் ரெனீட்டா. குரல் உயரவே இல்லை. நனைந்த நாற்காலி மெத்தையை அவள் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கே. மெத்தை காயறதுக்கு முன்னாடி. ராத்திரி போட்டிருந்த அதே கவுனோட. மாத்திக்கிறேன்னு கேட்டேன், பஸ் போயிடும்னு சொன்னீங்க. பஸ்ல யாரும் என் பக்கத்துல உக்காரல. பிலடெல்ஃபியாவுல அம்மா என்னைப் பாத்துட்டு, போட்டிருந்த மேல்சட்டையைக் கழட்டி என் இடுப்புல கட்டி விட்டாங்க. ஒரு வார்த்தை கேக்கல."

அந்த நேரத்தில் ஒன்று சொல்லியிருக்கலாம் எர்லீன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். 'தப்புப் பண்ணிட்டேன்டி' என்று சொன்னால் போதும். கையைப் பிடித்து அழுதிருந்தால்கூடப் போதும். சொன்னாளா சண்டாளி?

"அட, எப்பவோ நடந்தது. தமாஷுக்குச் சொன்னா இப்படியா மனசுல வெச்சுக்குவ? அப்படியே அக்கா வளர்ப்பு. சாப்பிடு, ஆறுது" என்றாள்.

ரெனீட்டா சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். இனிப்பு நன்றாக இருந்தது என்றாள். "காலையில சபைக்கு வந்துடறோம், மிஸ் எர்லீன்" என்று சொல்லி, கன்னத்தில் கன்னம் வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றே எர்லீன் நம்பினாள். அன்றைக்கு அவள் பாடிக்கொண்டே பாத்திரம் ஒழித்ததை அடுத்த வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

ஞாயிறு காலை சபை வாசல் கொள்ளாத கூட்டம். ஆளாளுக்குத் தொப்பி, ஒவ்வொன்றும் ஒரு கூடை அகலம். எர்லீன் உடுப்பில் கஞ்சி போட்டுத் தேய்த்து, கையுறையும் புதிதாக மாட்டிக்கொண்டு, தட்டோடு நின்றாள். சிவப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். ரோஜா மட்டும் ஈரக் காகிதத்தில் சுற்றித் தனியாக. அதைத் தொட்டுப் பார்த்த மினெர்வாவின் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ரெனீட்டா குடும்பம் படியேறி வந்தது. முதலில் இமானி.

"எனக்குச் சிவப்பு. எங்கம்மா இருக்காங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். எர்லீன் குத்திவிட்டாள். லயனலுக்கு அம்மா இல்லை. அவனுக்கு வெள்ளை. அப்புறம் ரெனீட்டா வந்து எதிரே நின்றாள். எர்லீன் ஈரக் காகிதத்தைப் பிரித்து ரோஜாவை எடுத்தாள்.

"வெள்ளை" என்றாள் ரெனீட்டா.

எர்லீனுக்குக் காது சரியாகத்தான் கேட்டது. ஆனாலும் ரோஜாவைத் தூக்கியே பிடித்திருந்தாள். "இது உனக்குன்னே சொல்லி வாங்கினதுடி."

"எனக்கு வெள்ளை குடுங்க, மிஸ் எர்லீன்."

"நான் உயிரோட நிக்கிறேன்டி உன் முன்னால!"

"தெரியும். எங்கம்மா பிப்ரவரியில செத்துட்டாங்க. அவங்களுக்கு."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மினெர்வா வேறு எங்கோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எர்லீன் குரலைத் தாழ்த்தினாள். ஜென்மத்தில் யாரிடமும் கெஞ்சாதவள் அன்று கெஞ்சினாள்.

"உள்ள போயி கழட்டிடு. வாசலுக்கு மட்டும் குத்திக்கோ. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், கண்ணு. மானம் போயிடும்."

"மானமா?" என்றாள் ரெனீட்டா. நேராக நின்று, உடுப்பின் இடது பக்கத்தைக் குத்துவதற்கு வாகாகப் பிடித்துக் கொடுத்தாள்.

எர்லீன் ரோஜாவைத் தட்டில் போட்டாள். ஒரு வெள்ளை கார்னேஷனை எடுத்தாள். ஊசி இரண்டு தடவை தவறிற்று. ரெனீட்டா அசையாமல் நின்றாள். குத்தி முடித்ததும் "தேங்க்ஸ்" என்றாள், உள்ளே போனாள்.

லயனல் மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கினான். நல்ல மனுஷன் அவன். நல்ல மனுஷர்கள் சொல்கிற வார்த்தைதான் சில சமயம் ஆளைக் கொன்றுவிடுகிறது.

"நான் சொல்லக்கூடாதுதான். ஆனா நீங்க தெரிஞ்சுக்கணும். சிவப்பு குத்திக்கத்தான் அவ இங்க வந்ததே. அவ அம்மா சாகறதுக்கு முன்னால கேட்டுக்கிட்டாங்க, 'ஒரு தடவையாவது அவளுக்காகச் சிவப்பு வெச்சுக்கோ, நான் வருத்தப்படமாட்டேன்'னு. நேத்து மத்தியானம் சாப்பிட உக்கார்ற வரைக்கும் அவ அந்த முடிவுலதான் இருந்தா."

சொல்லிவிட்டு அவனும் உள்ளே போய்விட்டான். எர்லீன் அடுத்தவருக்குப் பூ குத்தினாள், அதற்கடுத்தவருக்கும் குத்தினாள். யாருக்கு எது குத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. சிவப்பு வரவேண்டிய ஒரு கிழவர் வெள்ளையோடு உள்ளே போய், தொண்ணூறு வயது அம்மாவிடம் வசை வாங்கிக் கட்டிக்கொண்டதாக அப்புறம் பேசிக்கொண்டார்கள்.

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. வெளியூர் விருந்தினரை எழுந்து நிற்கச் சொல்லி வரவேற்பது எங்கள் சபையின் வழக்கம். அழைத்து வந்தவர் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். போதகர் பாவம், வாசலில் நடந்தது அவருக்கு என்ன தெரியும்? ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக ஆரம்பித்தார்.

"இன்னைக்கு நம்ம சகோதரி எர்லீனுக்குப் பெரிய சந்தோஷம்! ஒரு மாசமா என் காதைத் துளைச்சிட்டாங்க. பிலடெல்ஃபியாவுலேர்ந்து மகள் வந்திருக்காங்க, சபையாரே! எங்கேம்மா உங்க மக? எந்திரிச்சு நில்லும்மா. எர்லீன், நீங்களே சொல்லுங்க."

ரெனீட்டா எழுந்து நின்றாள். சபை மொத்தமும் திரும்பியது. எல்லார் கண்ணும் முதலில் அவள் முகத்துக்குப் போயிற்று, அப்புறம் அந்த வெள்ளைப் பூவுக்கு, அப்புறம் பெஞ்சுகளின் நடுப்பாதை முனையில் நின்ற எர்லீனுக்கு. விசிறிகூட நின்றுவிட்டது.

எர்லீன் ரெனீட்டாவைப் பார்த்தாள். வாசலில் கல்லாக நின்றவளுக்கு இப்போது உதடு துடித்துக்கொண்டிருந்தது. இமானி அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொல் போதும். 'ஆமா, இவதான் நான் பெத்த மக, உயிரோட இருக்கிற என்னைச் சாகடிச்சுட்டு வந்து நிக்கிறா' என்று சொன்னால் போதும், பிள்ளையின் கண் முன்னால் அந்தச் சபையே அவளைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடும். அந்த வாய்க்கு அது தண்ணீர் குடிக்கிற மாதிரி. நாக்கின் நுனிவரை வந்தும்விட்டது.

"நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க, பாஸ்டர்" என்றாள் எர்லீன். "இது எங்க அக்கா வாஷ்டியோட மக, ரெனீட்டா. அக்கா இந்த பிப்ரவரியில போயிட்டா. அம்மா இல்லாம இவளுக்கு இது முதல் அன்னையர் தினம்."

போதகர் தடுமாறினார். "அப்ப... உங்க மகள்?"

"வரல, பாஸ்டர்."

அவ்வளவுதான். சபை முழுக்க "ஐயோ, பாவம்" என்று ஒரு பெருமூச்சு. தொப்பிக்காரிகள் எழுந்து ஓடி ரெனீட்டாவைக் கட்டிக்கொண்டார்கள். முன்னே பின்னே தெரியாத கிழவிகளின் தோளில் சாய்ந்து ரெனீட்டா வாய்விட்டு அழுதாள். "அம்மா, அம்மா" என்று அழுதாள். அழுகிறவர்களுக்குக் கைக்குட்டை நீட்டுவது வாசல்காரியின் வேலை. எர்லீன் போய் நீட்டினாள். ரெனீட்டா யார் கை என்று பார்க்காமலே வாங்கிக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து படியில் இறங்கும்போது ரெனீட்டா அவளிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்ல."

"உண்மையத்தானே சொன்னேன்" என்றாள் எர்லீன். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை வராதா என்று அந்தக் கல்மனசுக்காரி காத்திருந்தாள்.

"ஆமா" என்றாள் ரெனீட்டா யோசித்து. "உண்மைதான். வர்றோம், சித்தி. இமானி, சின்னப் பாட்டிக்கு பை சொல்லு."

"பை, சின்னப் பாட்டி" என்றது குழந்தை.

எர்லீன் கையுறை போட்ட கையைத் தூக்கி ஆட்டினாள். மூவரும் படியிறங்கிக் காரை நோக்கி நடந்தார்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இமானி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் குரல் கணீரென்ற குரல், வாசல்வரை கேட்டது.

"அவங்கதான் உன்னோட அம்மான்னு பிளேன்ல சொன்னியேம்மா?"

"தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு" என்றாள் ரெனீட்டா.

கார்க் கதவு மூடிக்கொண்டது. அடுத்த ஆராதனைக்கு ஆட்கள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். மினெர்வா பூத்தட்டை எடுத்து வந்து எர்லீனின் கையில் கொடுத்தாள். எர்லீன் அதை வாங்கிக்கொண்டு, வந்தவரைப் பார்த்து, சிவப்பா வெள்ளையா என்று கேட்டாள்.